லண்டனில் அசைலம் கேட்டிருக்கும் சொந்தக்காரர் யாரிடம் புகார் கொடுப்பது? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேரூன்றிய யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் சொந்தம் இருப்பது புதிதல்ல. அதில் சிலர் அசைலம், அதாவது புகலிடம், கேட்டுவிட்டு இன்னும் முடிவுக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் தங்கும் அறை, சாப்பாடு, வாரச் செலவுக் காசு எல்லாமே வேறொருவர் கையில் இருக்கிறது. அந்த வேறொருவர் தவறு செய்தால் யார் கேட்பது? கோயில் அன்னதானத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றித்தான், இடையில் கனடாவும் கொஞ்சம் வரும். இந்தப் புகார்களைப் பார்க்கும் சுதந்திரமான மேற்பார்வையை இன்னும் விரிவாக்க வேண்டும் என்று நான் சொல்லி வருவதால் அதைப் பற்றியும் கேட்கிறார்கள்.

புகார் என்று எதைச் சொல்கிறீர்கள்? அசைலம் கேஸ் தள்ளுபடியானால் கொடுப்பதா?

இல்லை, அது மேல்முறையீடு. கேஸ் முடிவு பிடிக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், அதற்குக் காலக்கெடு வேறு. தங்க இடமும் பணமும் தர மறுத்தாலோ இடையில் நிறுத்தினாலோ அதற்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே 3 வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். இந்த 3 நாளை மட்டும் மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் வந்ததே தெரியாமல் கோட்டை விட்டவர்கள் நிறைய.

நான் இங்கே பேசுவது நடத்தும் விதத்தைப் பற்றி. அதிகாரி தள்ளிவிட்டார், காவலர் கேவலமாகப் பேசினார், கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்குச் சாப்பிட முடியாத சாப்பாடு, கடிதத்துக்குப் பல மாதமாகப் பதில் இல்லை, இந்த மாதிரி.

இதையெல்லாம் பார்க்கச் சுதந்திரமான அமைப்பு எதுவும் இல்லையா?

இருக்கிறது, ஒன்றல்ல, பல. சிக்கலே அதில்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீசார்மீது வரும் கடுமையான புகார்களை விசாரிக்க 2004-இல் ஒரு தனி ஆணையம் வந்தது. குடிநுழைவு அதிகாரிகளுக்கும் கைது செய்யும், வலுக்கட்டாயமாகப் பிடிக்கும் அதிகாரம் உண்டே, அவர்களை யார் கேட்பது என்ற கேள்வி எழுந்ததும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்து, 2008 முதல் அவர்களும் அந்த ஆணையத்தின் கண்ணுக்குள் வந்தார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு சட்டம் சுங்கப் பணியையும் சேர்த்தது. 2018 ஜனவரியில் அந்த ஆணையம் பெயர் மாறி, போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை அலுவலகம் ஆனது. மரணம், பலத்த காயம், கடுமையான ஊழல் போன்றவற்றை உள்துறை அமைச்சு, அதாவது நம் ஆட்கள் சொல்லும் ஹோம் ஆபீஸ், தானாகவே அங்கே அனுப்பியாக வேண்டும்.

தடுப்பு முகாமுக்குள் நடப்பதை இந்த அலுவலகம் பார்ப்பதில்லை. அதற்குச் சிறைகளுக்கான குறைகேள் அதிகாரி, ஆங்கிலத்தில் ஆம்பட்ஸ்மன் என்பார்கள். நிர்வாகக் குளறுபடிக்கு 1967-இல் உருவான நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி. எல்லைப் பணிகளை மொத்தமாக ஆராய ஒரு தலைமை ஆய்வாளர் உண்டு, ஆனால் தனி ஆள் கொடுக்கும் புகாரை அவர் எடுக்க மாட்டார். 2022 முதல் ஹோம் ஆபீஸ் நியமித்த புகார்ப் பரிசோதகர் ஒருவரும் இருக்கிறார், அவரை நியமிப்பதே ஹோம் ஆபீஸ்தான் என்பதால் அவரை நான் இந்தக் கணக்கில் முழுதாகச் சேர்ப்பதில்லை.

இவ்வளவு பேர் இருக்கும்போது இன்னும் என்ன விரிவாக்கம் வேண்டும் என்கிறீர்கள்?

மேலே சொன்ன பங்கீட்டை இன்னொரு தடவை பாருங்கள். அதிகாரியிடம் கைவிலங்கு இருந்தால் ஓர் அமைப்பு, கம்பிக் கதவு இருந்தால் இன்னோர் அமைப்பு. ஆனால் புகலிடம் கோருபவர் தன் நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது கைவிலங்கும் கம்பிக் கதவும் இல்லாத இடத்தில், ஒரு ஹோட்டல் அறையிலோ பலர் பங்குபோடும் வீட்டிலோ. 2023 செப்டம்பர் முடிவில் ஹோட்டல்களில் மட்டும் சுமார் 56,000 பேர் இருந்தார்கள்.

அந்தத் தங்குமிடங்களை 2019 முதல் நடத்துவது செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று தனியார் நிறுவனங்கள். குறையைச் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணை ஹோம் ஆபீஸ் ஒப்பந்தத்தில் நடத்துவது மைக்ரன்ட் ஹெல்ப் என்ற அறநிறுவனம். பத்தாண்டுக்கு 450 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட தங்குமிட ஒப்பந்தங்கள் 1,530 கோடி பவுண்டை எட்டும் என்று 2025 மே மாதம் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. இவ்வளவு பொதுப்பணம் போகும் இடத்தில், குடியிருப்பவர் நேரே போய்க் கதவைத் தட்டக்கூடிய சுதந்திரமான புகார் அமைப்பு ஒன்றுகூட இல்லை. முதலில் தொலைபேசி, பிறகு நிறுவனம், பிறகு ஹோம் ஆபீஸ், அதுவும் முடிந்த பிறகு எம்பி கையெழுத்து போட்டால்தான் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி.

என் தங்கை மகன் வட இங்கிலாந்தில் அப்படி ஒரு வீட்டில் இருந்தான். கட்டிலுக்கு மேலே கூரைப் பலகையில் கருப்பாகப் பூஞ்சணம், மழை பெய்தால் சொட்டும், கட்டிலை அறை நடுவே இழுத்துப் போட்டு, சுவரோரமாகச் சோற்றுப் பானையை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் சொன்னான், எண் கொடுத்தார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது அந்தப் புகார் முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில். "ஒருத்தரும் வந்து பாக்கேல்லை மாமா, ஆனா வேலை முடிஞ்சுதாம்" என்று குரல்பதிவு அனுப்பினான். வேலையைச் செய்ய வேண்டியவரும் அது முடிந்ததா என்று எழுதுபவரும் ஒரே ஆளாக இருந்தால் இப்படித்தான் ஆகும், அந்த இடத்தில் நல்ல மனிதர் உட்கார்ந்திருந்தாலும் ஆகும்.

என் கேள்வி ஒன்றுதான். ஒரு மனிதர் எங்கே தூங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்கிறது என்றால், அரசு அந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும், அந்த ஆள்மீது வரும் புகாரை மூன்றாவது ஆள் பார்க்க வேண்டாமா? மேற்பார்வை அதிகாரியின் சீருடையைப் பார்த்து நிற்கக் கூடாது, பாதிக்கப்படுபவரின் பின்னாலேயே போக வேண்டும்.

தடுப்பு முகாமுக்குக் குறைகேள் அதிகாரி இருந்தும் ப்ரூக் ஹவுஸ் நடந்ததே? அப்புறம் மேற்பார்வையால் என்ன பயன்?

நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

தெரியாதவர்களுக்கு: கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ரூக் ஹவுஸ் தடுப்பு முகாமை அப்போது ஜிஃபோர்எஸ் நிறுவனம் நடத்தியது. அங்கே வேலை பார்த்த ஓர் ஊழியரே மறைவாகக் கேமரா வைத்துப் படம் எடுத்தார், 2017 செப்டம்பரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அதை ஒளிபரப்பியது. கேட் ஈவ்ஸ் தலைமையிலான பொது விசாரணை 2023 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. 5 மாத காலத்துக்குள், மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்தைக்கு எதிரான மனித உரிமைப் பிரிவு மீறப்பட்டிருக்கக்கூடிய 19 சம்பவங்களுக்கு நம்பத்தக்க சான்று இருப்பதாக அது சொன்னது. 33 பரிந்துரைகள், அவற்றில் ஒன்று யாரையும் 28 நாளுக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது என்பது.

அந்த முகாமுக்குச் சிறைகளுக்கான குறைகேள் அதிகாரி இருந்தார். தன்னார்வக் கண்காணிப்புக் குழு இருந்தது. சிறைத்துறைத் தலைமை ஆய்வாளர் முந்தைய ஆண்டுதான் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இருந்தும் உண்மை வெளியே வந்தது ஒரு கேமரா வழியாக.

இதிலிருந்து மேற்பார்வையே வீண் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. நம்மைப் பூட்டி வைத்திருப்பவர் கையாலேயே புகார்ப் படிவத்தை வாங்கி, அவர் கண் முன்னாலேயே நிரப்பி, முதல் விசாரணையையும் அவர் ஆட்களே செய்வார்கள் என்றால் யார் வாய் திறப்பார்? நாளைக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் இருப்பவர் இன்றைக்குப் புகார் எழுதுவாரா? ஆகவே மேற்பார்வைக்கு மூன்று வசதிகள் கட்டாயம் வேண்டும்: சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையும் உரிமை, பாதிக்கப்பட்டவரோடு தனியாக அவர் மொழியிலேயே பேசும் வசதி, ஆவணத்தையும் கேமராப் பதிவையும் கேட்டு வாங்கும் சட்ட அதிகாரம். சிறைகளுக்கான குறைகேள் அதிகாரி பதவி தொடங்கியது 1994-இல், ஆனால் அதற்கென்று ஒரு தனிச் சட்ட அடித்தளம் இல்லாமலே இத்தனை ஆண்டு ஓடிவிட்டது. அதைச் சரிசெய்வதும் நான் சொல்லும் விரிவாக்கத்தில் அடக்கம்.

எல்லைப் பணிகளை ஆராயும் தலைமை ஆய்வாளர் அறிக்கை எழுதுகிறாரே, அது போதாதா?

அறிக்கை எழுதுவது அவர், எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்வது உள்துறை அமைச்சர். டேவிட் நீல் அந்தப் பதவியில் இருந்தபோது தன் அறிக்கைகள் தேங்கிக் கிடக்கின்றன என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பதவிக்காலம் முடிய ஒரு மாதமே இருந்த நிலையில் 2024 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டார், ஊடகத்துக்குத் தகவல் கொடுத்தார் என்பது அமைச்சு சொன்ன காரணம். அந்த மாதக் கடைசியில் 13 அறிக்கைகள் ஒரே நாளில் வெளியாயின. ஓர் அறிக்கை மாதக்கணக்கில் மேசையில் கிடந்தால் அதில் சொல்லியிருக்கும் நிலைமைக்குள் வாழ்ந்தவர்கள் அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். யார் கண்காணிக்கப்படுகிறாரோ அவர் கையில் வெளியீட்டுச் சாவி இருக்கக் கூடாது.

டியேகோ கார்சியா தமிழர்கள் விஷயமும் இதில் வருமா?

கண்டிப்பாக வரும், என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதையே அதுதான்.

2021 அக்டோபரில் கனடாவுக்குப் போக நினைத்துக் கிளம்பிய இலங்கைத் தமிழர்களின் மீன்பிடிப் படகு இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தது. அதில் இருந்த 89 பேரும் மீட்கப்பட்டு டியேகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டார்கள். தீவு பிரிட்டன் ஆட்சியின் கீழ், அங்கே இருப்பது பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து வைத்திருக்கும் இராணுவத் தளம். வேலி போட்ட சிறு இடத்தில் கூடாரங்கள், தனியார் காவல், கூடாரத்துக்குள் எலி. பிள்ளைகளும் அங்கேதான். சாப்பிடாமல் போராடியவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களும் உண்டு. சிலர் இலங்கைக்கே திரும்பினார்கள், சிலர் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் படகில் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் மூன்று ஆண்டு அங்கேயே கிடந்தார்கள்.

2024 டிசம்பரில் அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றம், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி மார்கரெட் ஓபி தீவுக்கே போய் முகாமை நேரில் பார்த்தவர், பெயர்தான் வேறே தவிர அது சிறைதான் என்று எழுதினார். கிட்டத்தட்ட எல்லோரும் அந்த மாதமே பிரிட்டனுக்கு அழைத்து வரப்பட்டார்கள்.

நீதி கிடைத்தது என்று சந்தோஷப்படலாம், நானும் பட்டேன். ஆனால் அதற்கு வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள், பத்திரிகையாளர்கள் தேவைப்பட்டார்கள், மூன்று ஆண்டு தேவைப்பட்டது. கூடாரத்தில் எலி ஓடுகிறது என்று ஒரு தாய் முதல் வாரத்தில் சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டு மறுவாரம் வந்து பார்க்கும் கடமை உள்ள சுதந்திரமான ஓர் ஆள் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே இருந்தாலும் அந்த நாட்டின் ஆட்சியில் இருக்கும் இடம் என்றால் மேற்பார்வையும் அங்கே போக வேண்டும்.

தனியாக வரும் பிள்ளைகளுக்கு?

பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளைக் கவனிப்பது உள்ளூர் மன்றத்தின் பொறுப்பு, மன்றம் தவறினால் உள்ளாட்சிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 2021 முதல் ஹோம் ஆபீஸ் அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தானே ஹோட்டல்களில் தங்கவைக்கத் தொடங்கியது. அவர்களில் 200 பேர் காணாமல் போய் இன்னும் கிடைக்கவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் இந்த வழக்கத்தைச் சட்டவிரோதம் என்றது. சாதாரணக் குழந்தைகள் இல்லம் என்றால் பதிவும் ஆய்வாளரும் கட்டாயம், அந்த ஹோட்டல்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

புகார் கொடுத்தால் கேஸ் கெட்டுப்போகாதா?

விதிப்படி கெடாது. புகாரைப் பார்ப்பவர்கள் வேறு, கேஸை முடிவு செய்பவர்கள் வேறு, புகார் கொடுத்ததை வைத்து அசைலத்தை மறுக்க முடியாது. ஆனால் அதிகாரிக்குப் பயந்தே ஊரைவிட்டு ஓடி வந்த மனிதருக்கு இதை ஒரு துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நம்பிக்கை வந்துவிடுமா? அமைச்சின் முத்திரை இல்லாத ஓர் அலுவலகம் வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கனடாவில் எப்படி?

அங்கே இந்த விரிவாக்கம் சட்டமாகவே வந்துவிட்டது, தாமதமாகத்தான். 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் போய் இறங்கியது நினைவிருக்கும். அவர்களைப் பல மாதம் தடுத்து வைத்த எல்லைப் பணிகள் முகமைமீது வரும் பொதுமக்கள் புகாரை விசாரிக்க அப்போது வெளி அமைப்பு எதுவும் கிடையாது, போலீசுக்கு மட்டும் இருந்தது. போலீசையும் எல்லை முகமையையும் ஒரே சுதந்திர ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் சட்டம் 2024 அக்டோபர் 31 அன்றுதான் ஒப்புதல் பெற்றது. சன் சீ வந்து 14 ஆண்டு கழித்து.

சிங்கப்பூரில் யாராவது அசைலம் கேட்டால்?

1951 அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை, இங்கே அசைலம் கேட்கும் நடைமுறையே கிடையாது. செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோட்டில் 1978 முதல் 1996 வரை வியட்நாம் அகதிகளுக்கு முகாம் இருந்தது, அதுகூட வேறு நாடுகளுக்குப் போகும்வரை தங்க மட்டும்தான்.

குறைகேள் அதிகாரி என்ற பதவியும் இங்கே இல்லை. 1966-இல் வீ சோங் ஜின் தலைமையிலான அரசியலமைப்பு ஆணையம் அப்படி ஒரு பதவி வேண்டும் என்று பரிந்துரைத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. நமக்கு ஒரு பிரச்சினை என்றால் புளோக்குக்குக் கீழே நடக்கும் மக்கள் சந்திப்புக்குப் போய் எம்பியிடம் கடிதம் வாங்குவோம், அதனால் பிரிட்டனில் எம்பி வழியாகப் போ என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. ஆனால் நாம் போய் உட்கார்வது நமக்குத் தெரிந்த ஊரில், தெரிந்த மொழியில். எம்பி என்றால் யார் என்றே தெரியாமல் வந்து இறங்கியவரிடம் அவர் கையெழுத்து வாங்கி வா என்பது கதவை அரைவாசி மூடி வைப்பதுதான்.

ஒரு ஏஜெண்ட் 2,000 வெள்ளி கொடுத்தால் புகாரை மேலிடத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன எந்தப் புகாருக்கும் கட்டணம் இல்லை. பிரிட்டனில் பதிவில்லாமல் குடிநுழைவு ஆலோசனை கொடுப்பது குற்றம். ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு 2025 ஜனவரியிலிருந்து குடிநுழைவு ஆலோசனை ஆணையம் என்று பெயர், அதன் இணையப்பக்கத்தில் பதிவு பெற்றவர் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம், ஆலோசகர்மீதே புகாரும் கொடுக்கலாம். ஆள் வழக்கறிஞர் என்றால் சட்டச் சேவைக்கான குறைகேள் அதிகாரி தனி.

சரி, இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அங்கே இருப்பவருக்கு அச்சு எந்திரமும் இல்லை, மன அமைதியும் இல்லை. சமைத்துச் சாப்பிடும் இடத்தில் இருப்பவருக்கு 2024-இல் வாரத்துக்கு 49.18 பவுண்டு, அதற்குள்தான் எல்லாம். எழுத்து வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள், என் சார்பில் இவர் பேசலாம் என்று கையெழுத்தோடு, படம் எடுத்து அனுப்பினால் போதும். அது இல்லாமல் நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் தகவல் பாதுகாப்பைச் சொல்லிப் பதில் தர மாட்டார்கள். அப்புறம் நாள்வாரியாக எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்தத் தேதி, யாரிடம் சொன்னார், எந்தக் குறிப்பு எண். தொலைபேசியில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுகும் கூரையைப் படம் எடுத்தால் அறையின் வாசல் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், வேறு அறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஹோம் ஆபீஸ் புகாருக்குப் பதில் தர வைத்திருக்கும் இலக்கு 20 வேலை நாள். அது தாண்டினாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ அவர் தங்கியிருக்கும் தொகுதி எம்பிக்கு எழுதலாம். வாக்குரிமை இல்லை என்பதற்காக எம்பி மறுக்க வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் வசிப்பதே போதும். அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எம்பி யார் என்று நாடாளுமன்ற இணையப்பக்கமே காட்டும். கடிதம் அவர் பெயரிலேயே போகட்டும், உங்கள் பெயர் தொடர்புக்கு மட்டும். நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரிக்கு அனுப்பும்படி எம்பியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் அமைச்சுக்கு இன்னொரு கடிதம் போடுவதோடு நின்றுவிடக்கூடும். பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் புகார் எம்பியிடம் போய்ச் சேர வேண்டும். இடையில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் எம்பியும் மாறிவிடுவார், அப்போது புது எம்பிக்குப் பழைய கடிதங்களின் நகல் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.